இருபத்திரண்டாம் பொருத்தம்

நான் சைக்கிள் ஓடப் பழகியது நாற்பத்தாறு வயதில். பெற்றோல் நின்றுபோன ஆண்டு அது. வைத்தியசாலை வளவுக்குள் தாதிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, இரண்டு தரம் மதிலோடு மோதி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பழகினேன். பழகிய மறுகிழமையே கரவெட்டிக்குப் போய்வந்தேன். வல்லை வெளியில் எதிர்க்காற்று ஆளைப் பின்னுக்குத் தள்ளும். அங்கே இறங்கி உருட்டித்தான் போகவேண்டும். அப்படியும் மாதம் தவறாமல் போனேன். அக்கறை இல்லாதவன் இப்படிச் செய்வானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், டொக்டர் பத்மாவதி.

நீங்கள் கப்பலில் வந்திறங்கி எங்கள் வைத்தியசாலையின் பிள்ளைகள் விடுதியைப் பொறுப்பெடுத்து அதிக நாளாகவில்லை. அதற்குள் கரவெட்டியிலிருந்து கதிரவேலு என்ற கிழவர் கூட்டிவந்த பேத்தியைப் பரிசோதித்திருக்கிறீர்கள். பிரதீபா. ஐந்து வயது. அவளுடைய கண்ணுக்குள் ஒரு மங்கலைக் கண்டு, குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் வருத்தம் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கிழவர் வழக்கம்போல மழுப்பிவிட்டு, "இராசநாயகம் டொக்டருக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். அது சரிதான். எனக்கு எல்லாம் தெரியும். ஏன் என்று கேட்டீர்கள். ஆறுதலாகச் சொல்கிறேன்.

நான் நோயியல் நிபுணன். உயிருள்ள மனிதரோடு எனக்குப் பழக்கம் குறைவு. அவர்களிலிருந்து வெட்டி எடுத்ததுதான் என் மேசைக்கு வரும். கொழும்பில் இருந்த காலத்தில் மூளைக் கட்டிகளைச் சேர்த்துவந்தேன். கண்ணாடித் தகடுகளில் ஒட்டி, பெட்டி பெட்டியாக வீட்டில் அடுக்கி வைத்திருந்தேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எல்லாம் எரிந்தது. எனக்கு மனைவி, பிள்ளை இல்லை. மற்றவர்கள் இழந்த உறவுகளை நினைத்து அழுத அகதிக் கப்பலில் நான் கண்ணாடித் தகடுகளை நினைத்து அழுதேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒரு மனிதன் எங்கே பிசகத் தொடங்கினான் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் என் மேசைக்கு வந்த முதல் மூளைக் கட்டி சிவக்கொழுந்துவினுடையது. கதிரவேலுவின் மனைவி. தேசிக்காய் அளவு. மூளையை மூடியிருக்கும் உறையில் வளர்ந்திருந்தது. கெட்ட சாதிக் கட்டி அல்ல. அதன் கலங்களைப் போத்தலில் வளர்த்து, நுணுக்குக்காட்டியில் கலத்துக்குள் சோடி சோடியாகக் கிடக்கும் நிறமூர்த்தங்களைப் பார்த்தேன். இருபத்திரண்டாம் சோடியில் ஒன்று இல்லை. பார்த்த கலமெல்லாம் அப்படியே.

உங்களுக்கு இது பாடம். ஆனாலும் அன்று நான் எப்படி நினைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சைக்கிளுக்கு இரண்டு பிரேக். ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. சிலர் ஒரு பிரேக் அறுந்தபடியே பிறக்கிறார்கள். மற்றது இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எங்கோ ஒரு கலத்தில் அதுவும் தொலைந்தால் அந்த இடத்தில் கட்டி ஓடத் தொடங்கும். அப்படியானால் தொலைவது எப்போதும் நல்ல பிரேக்காக இருக்கவேண்டும். இதை நிரூபிக்க ஆயிரம் நோயாளிகள் தேவையில்லை. ஒரு குடும்பம் போதும்.

சிவக்கொழுந்துவுக்கு இரண்டு காதும் கேட்காது. "காய்ச்சலிலை அடைச்சது" என்றார் கதிரவேலு. அவளுடைய தமையன் செல்வச்சந்நிதித் திருவிழாவுக்குப் போனவர், தொண்டைமானாற்றில் முழுகி எழும்பவில்லை. நல்ல நீச்சல்காரர். சாதகத்தில் தண்ணிக்கண்டம் என்று ஊர் முடித்துவிட்டது. இந்த வருத்தத்தில் செவிநரம்பிலும் கட்டி வளரும்; அப்படி வந்தவனுக்குத் தண்ணீருக்குள் மேல் எது, கீழ் எது என்று தெரியாது. அவர் மூச்சுக்காகக் கீழே நோக்கி நீந்தியிருப்பார். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்டது கவலை அல்ல. கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"டொக்டர், உது வெளியிலை போனால் என்ரை பெட்டை வீட்டோடைதான்" என்றார் கதிரவேலு. குமர் இருக்கிற வீட்டில் வருத்தத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள். தமையன் செத்தது கண்டத்தால், மனைவி செவிடானது காய்ச்சலால், தலையை வெட்டியது விழுந்ததால். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கோத்துப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் விருப்பம் இல்லை. நான் மட்டும் கோத்தேன்.

பெட்டையின் பெயர் குணலட்சுமி. அப்போது இருபது வயது. தாய்க்குத் துணையாக வைத்தியசாலைக்கு வருவாள். ஒருநாள் இசைக்கவையைத் தட்டி அவள் காதருகே பிடித்தேன். "நுளம்பு பாடுற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். இடது காதில் நுளம்பு நெடுநேரம் பாடியது. வலது காதில் கொஞ்சம் முந்தியே நின்றுவிட்டது. அவளுக்கு அது தெரியவில்லை. நான் இசைக்கவையை லாச்சிக்குள் வைத்துவிட்டு, நல்ல காது என்றேன்.

எங்கள் பகுதியில் சாதகம் பொருந்தியபிறகு விசாரிக்கிறது என்று ஒன்று இருக்கிறது. நீங்களும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதானே, தெரிந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டார் நேரே கேட்கமாட்டார்கள். அந்தக் குடும்பத்தை அறிந்த ஒரு பெரியமனிதரிடம் போய்ச் சும்மா கதைப்பதுபோலக் கதைத்து, கடைசியில் வாசலில் நின்று கேட்பார்கள். அவர் சொல்வதுதான் தீர்ப்பு. குணலட்சுமிக்குப் பரமலிங்கம் என்ற பெடியனைப் பேசியபோது அவனுடைய தமையன் தம்பிராசா ஒரு சீப்புக் கதலியோடு என்னிடம் வந்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். வெங்காய விலையைப் பற்றிக் கதைத்தார். எழும்பிச் செருப்பையும் போட்டுக்கொண்டு கேட்டார்:

"தாய்க்குத் தலையிலை ஒப்பரேசன் எண்டு கேள்வி. பரம்பரையாய் வாற சாமானோ, டொக்டர்?"

"இல்லை. கிணத்தடியிலை சறுக்கி விழுந்து அடிபட்டது. அதாலை வந்த கட்டி" என்றேன்.

"அப்ப பெட்டைக்குப் பயமில்லை?"

"ஒண்டுமில்லை. நம்பிச் செய்யுங்கோ."

ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்துவை என்பார்கள். நான் சொன்னது ஒன்றே ஒன்று. கலியாணத்தன்று மணவறைக்கு நேர் முன்னே எனக்குக் கதிரை போட்டார்கள். கதிரவேலு என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். ஒரு குமரைக் கரைசேர்த்த சந்தோஷம் எனக்கும் இருந்தது. அது நடிப்பு அல்ல. இன்றுவரை அந்தக் குடும்பத்தில் நான்தான் அவளை வாழவைத்தவன்.

இந்த அளவோடு நிறுத்தினால் நீங்கள் என்னை ஓரளவு மன்னித்துவிடுவீர்கள். ஆனால் பரமலிங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் கூட்டுறவுக் கடையில் வேலை செய்தவன். கலியாணத்துக்கு முதல் வருடம் ஒரு சொந்தக்காரருக்கு இரத்தம் கொடுக்க வைத்தியசாலைக்கு வந்தான். கையில் கிடைக்கிற இரத்தத்தில் ஒரு துளியை வளர்த்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். இருபத்திரண்டாம் நிறமூர்த்தத்துக்கு ஒரு சின்னத் தலை உண்டு. ஆளுக்கு ஆள் அதன் அளவு மாறும். பரமலிங்கத்தின் இரண்டுக்குமே தலை வழக்கத்தைவிடப் பெருத்திருந்தது. மிக அரிது. அவனுடைய பிள்ளையின் எந்தக் கலத்தை எடுத்தாலும், தகப்பன் தந்தது எது, தாய் தந்தது எது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். ஒன்று தொலைந்தால், தொலைந்தது யாருடையது என்றும் சொல்லலாம்.

மறுமுறை கதிரவேலு வந்தபோது, கூட்டுறவுக் கடையில் ஒரு நல்ல பெடியன் இருக்கிறான் என்று சொன்னேன். அவ்வளவுதான். சாத்திரியார் பத்துப் பொருத்தமும் பார்த்தார். நானும் ஒரு பொருத்தம் பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைத்தான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. பரமலிங்கத்துக்கு முன்னால் அவளுக்கு லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் நன்றாகப் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா சின்னத்தங்கம் என்னிடம் விசாரிக்க வந்தா. அதே கேள்வி. "ஒளிக்காமல் சொல்லுங்கோ, டொக்டர். எங்கடை பெடியன் அங்கை தனிச்சுப் போய்க் கிடக்கிறவன்."

நான் ஒளிக்கவில்லை. பரம்பரை வருத்தம், பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம் என்றேன். அந்த மனுசி தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனா. கதிரவேலு வீட்டில் செவ்வாய்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மை சொன்னது தவறா என்று யாரும் என்னைக் கேட்கமுடியாது. ஆனால் நான் உண்மைக்காக உண்மை சொல்லவில்லை. லண்டனில் தலையைப் படம்பிடிக்கிற இயந்திரம் இருந்தது. கட்டி பயறளவில் இருக்கும்போதே கண்டுபிடித்து எடுக்கக்கூடிய கைகள் இருந்தன. அவள் அங்கே போயிருந்தால் இந்த வருத்தத்திலிருந்து தப்பியிருப்பாள். எனக்குத்தான் கிடைத்திருக்கமாட்டாள். நான் சொன்ன பொய் அவளைக் கட்டிக்கொடுத்தது. நான் சொன்ன உண்மைதான் அவளை இங்கே கட்டிப்போட்டது.

எண்பத்தாறில் மகன் பிறந்தான். சேயோன். தொப்புள்கொடி இரத்தத்தை நானே எடுத்தேன். தகப்பனுடைய பெருத்த தலை ஒன்று, தாயினுடைய சின்னத் தலை ஒன்று, எதிர்பார்த்தபடியே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பிறகு வருடத்துக்கு ஒருதரம், சத்துக் குறைவு பார்க்க என்று சொல்லி இரத்தம் எடுத்தேன். தொண்ணூறில் பரமலிங்கம் ஷெல் விழுந்து செத்துப்போனான். அப்போது பிரதீபா வயிற்றில். அதற்குப் பிறகுதான் நான் சைக்கிள் பழகியது. போகும்போது பருப்பு, சவுக்காரம், கிடைத்தால் பால்மா கொண்டுபோவேன். சேயோன் படலையடியில் காத்துக்கொண்டு நிற்பான். சைக்கிள் பாரில் ஏற்றி ஒழுங்கை முழுக்க ஒரு சுற்று ஓடவேண்டும், இல்லாவிட்டால் ஊசிக்குக் கை நீட்டமாட்டான். எனக்கு ஓட்டம் நல்லாக வராது என்று அவனுக்குத் தெரியும். "மாமா, விழுத்திப்போடாதேங்கோ" என்று ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அவனில் எனக்கு அன்பு இருந்தது. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

அவனுக்கு ஐந்து வயதானபோது கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். நரம்பு வீங்கத் தொடங்கியிருந்தது. தலைக்குள் ஏதோ இடத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். தரைப்பாதை அடைபட்டிருந்தாலும் கிளாலிக் கடலில் வள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. வருத்தக்காரரைக் கொழும்புக்கு அனுப்ப என்னுடைய ஒரு சொல் போதும். குணலட்சுமி என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"கண்ணாடி போட்டால் சரிவரும்" என்றேன்.

கடல் ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை, அந்தக் கடலில் எத்தனை சனம் செத்தது என்று உங்களுக்கும் தெரியும். ஆனால் என் மனதில் இருந்தது கடல் அல்ல. கொழும்பில் அந்தக் கட்டியை எடுத்தால் போமலினுக்குள் போட்டுவிடுவார்கள். போமலினில் கலம் செத்துவிடும். செத்த கலத்தில் நிறமூர்த்தம் பார்க்கமுடியாது. ஆகவே மாதத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்தேன். தலையிடி என்றான், மாத்திரை கொடுத்தேன். வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிறது என்றான், பூச்சி மருந்து கொடுத்தேன். ஒருநாள் படலைக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தான். சைக்கிள் மணியை அடித்தேன். எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

போன வருடம் மாரியில் செத்தான். எங்கள் சனம் உடம்பை வெட்ட விடாது. பிள்ளையின் உடம்பென்றால் சொல்லவே வேண்டாம். கதிரவேலு முடியாது என்று அழுதார். குணலட்சுமிதான் தகப்பனை மறித்தாள். "டொக்டர் செய்தால் அவனுக்கு நோகாது, அப்பு" என்றாள். நான் செய்தேன்.

மின்சாரம் இல்லாத ஊரில் கலம் வளர்ப்பதற்கு ஒரு வழிதான் உண்டு. மனித உடம்பின் சூடு. சேயோனின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்குகளைச் சின்னப் போத்தலில் விட்டு, என் வயிற்றோடு சேர்த்துப் பண்டேஜால் சுற்றிக்கட்டி, மேலே சேட்டைப் போட்டுக்கொண்டேன். செத்தவீட்டுக்கும் அப்படியே போனேன். குணலட்சுமி என் காலடியில் விழுந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு குழறினாள். போத்தல் உடைந்துவிடும் என்று நான் ஓரடி பின்னுக்கு நகர்ந்தேன். அவள் நிலத்தில் சரிந்தாள். அந்த ஓரடியை நினைத்தால் எனக்கு என் உடம்பே அருவருக்கிறது.

கலங்கள் வளர்ந்தன. பார்த்தேன். பெருத்த தலை இல்லை. தொலைந்தது தகப்பன் தந்த நல்ல பிரேக்தான். மிஞ்சியது தாய் தந்தது. நான் நினைத்தது சரி. மேசையில் தனியாக இருந்து சிரித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

நீங்கள் வந்த அதே கப்பலில் பழைய மருத்துவச் சஞ்சிகைகள் கொஞ்சம் வந்தன. அதில் ஒன்றில் எல்லாம் இருந்தது. தொண்ணூற்றுமூன்றிலேயே வெளிநாட்டில் அந்தப் பரம்பரை அலகையே கண்டுபிடித்து, அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்திருந்தார்கள். அது அச்சானபோது சேயோன் உயிரோடு இருந்தான். நான் தேடியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. யாருக்கும் என் போத்தல் தேவைப்படவில்லை. அன்றைக்குத்தான், இத்தனை வருடத்தில் முதல்தரமாக, சேயோனை நான் கொன்றேன் என்ற வசனம் என் மனதுக்குள் முழுதாக வந்தது. அதை நான் மறுக்கவில்லை. லண்டனுக்குப் போகவிடாமல் தாயை மறித்து, கொழும்புக்குப் போகவிடாமல் மகனை மறித்து, கட்டி வளரும்வரை காத்திருந்து அவனைக் கொன்றவன் நான்தான். கழுவினாலும் போகாத பாவம். நித்திரை இல்லை. சாப்பாடு இறங்குவதில்லை.

நேற்று நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிரதீபாவின் தாய்க்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். மற்றக் கதை எப்படியும் போகட்டும், பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டும் என்ற ஒன்றைமட்டும் அந்தத் தாய் அறிந்தால் போதும், இப்போது போனால் பிள்ளை தப்பும், பிந்தினால் தமையனின் கதிதான் என்றீர்கள். சரியாகச் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் போன கிழமை கரவெட்டிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கிணற்றடியில் வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தாள். மகன் போனதிலிருந்து அவளுக்கு இரண்டு காதும் முழுதாக அடைத்துவிட்டது. ஆட்கள் வந்தால் மகளுடைய சிலேற்றை எடுத்து முன்னால் வைப்பாள்; சொல்ல இருப்பதை எழுதிக் காட்டவேண்டும். எனக்கும் ஒரு பலகையைப் போட்டு, சிலேற்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் கிணற்றைப் பார்த்தபடி சொன்னேன். இசைக்கவை, சின்னத்தங்கம், பொருத்தம், கண்ணாடி, போத்தல், பிரதீபாவின் கண். ஒன்றையும் விடவில்லை. குரல் உடைந்தது. அழுதேன்.

அவள் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சேயோனை நினைச்சு அழுறியளோ? அழாதேங்கோ, டொக்டர். நீங்கள் இல்லாட்டி நான் ஆர்? நான் ஒரு வீட்டுக்கு வாழப் போனது உங்களாலைதானே."

பிறகு எழும்பிப் போய்ப் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அதற்குமேல் ஒரு மன்னிப்பு இந்த உலகத்தில் யாருக்குக் கிடைக்கும்? அன்று வல்லை வெளியில் காற்று எனக்குத் தெரியவே இல்லை.

ஆகவே நீங்கள் கரவெட்டிக்குப் போய் அலையவேண்டிய தேவை இல்லை. பிரதீபாவை மாதம் தவறாமல் நானே பார்த்துக்கொள்கிறேன். சிலேற்றில் எழுதினீர்களா என்று கேட்கப்போகிறீர்கள். அது எங்கள் இருவருக்கும் நடுவில்தான் கிடந்தது, வெண்கட்டியும் அதன்மேல் இருந்தது. ஆனால் டொக்டர், இவ்வளவு பெரிய கதை அந்தச் சின்னச் சிலேற்றில் கொள்ளாது.